திருஷ்டிக்கு ஒரு விமர்சகர்

பெங்களூரு
14 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

விக்ரம் எழுதுவது. இங்கே நலம்தான், வயிற்றெரிச்சல் மட்டும் விட்டபாடில்லை. உன் இருமல் தேவலையா? மாமாவின் கழுத்து வலி எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். அம்மா போன பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. "எழுதித் தொலைங்க ரெண்டு பேரும். எழுதும்போது யாரும் குறுக்க பேச முடியாதில்ல" என்று மாமா சொன்னதற்கு நீயும் தலையாட்டினாயாம். சரி, இனி போன் அவசரத்துக்கு மட்டும்.

நல்ல செய்தி ஒன்று. ஜம்புலிங்கம் சார் என்னை நிரந்தரமாக்கப் போகிறார். செப்டம்பரில் ஆர்டர் வரும். இத்தனை காலம் அவருடைய ஓவிய இதழில் ஒப்பந்த ஆளாகவே ஓட்டிவிட்டேன். கவிப்பிரியா வீட்டிலும் வேலை நிரந்தரமானால்தான் நிச்சயம் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். ஆகஸ்டில் உன் கண்காட்சி என்று அழைப்பிதழ் அலுவலகத்துக்கு வந்தது. சார் பார்த்துவிட்டு, "உன் அக்காவா?" என்று கேட்டார். வரக்கூடும். அவர் ஒரு வரி எழுதினால் படம் சுவரில் ஏறும், எழுதாவிட்டால் பரணில் ஏறும். உனக்கே தெரியும். என்ன படங்கள் வைக்கிறாய்?

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
விக்ரம்


ஆவடி
22 ஜூன் 2023

அன்புள்ள விக்கி,

நலம். இருமல் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனையோடு வரும், அதோடு போகும். மாமா கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு பாக்டரிக்குப் போய்வருகிறார். டாங்கிக்குள் குனிந்து வேலை பார்க்கிறவருக்கு வேறு என்ன வரும்? நீ காரத்தைக் குறை. ராத்திரி பரோட்டாவை நிறுத்து.

வேலை விஷயம் கேட்டு சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம், குத்தலாக எடுத்துக்கொள்ளாதே.

என்ன படங்கள் என்று கேட்டாய். போன வருஷம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கண்காட்சி வைத்தோமே, அன்று நான் என் படத்தின் பக்கத்தில் நின்று வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள்தான் இந்த முறை படம். ஒரு டிவிக்காரர் வாசல் காவலாளியிடம் மைக்கை நீட்டி, "இந்த ஓவியங்கள் சமூகத்துக்கு என்ன சொல்ல வருது?" என்று கேட்கிறார். காவலாளி, "ஆறு மணிக்கு ஏசி ஆப் பண்ணிடுவோம் சார்" என்கிறார். அது ஒன்று. கண்ணாடி போட்ட ஓவியத்தின் முன் நின்று லிப்ஸ்டிக் சரிசெய்துகொள்ளும் யூடியூப் பெண். சமோசாவைக் கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து ஆராயும் விமர்சகர். கேமராக்காரர்கள் எல்லாரும் தலைமை விருந்தினரைச் சுற்றி நிற்க, அவர்கள் முதுகுகளுக்குப் பின்னால் அனாதையாகத் தொங்கும் படங்கள். இப்படி ஏழு முடிந்துவிட்டது. எட்டாவது இன்னும் காயவில்லை.

பத்திரிகைக்காரர்களுக்குக் கோபம் வருமா என்று மாமா கேட்கிறார். வரட்டுமே. கோபம் வரவாவது ஒரு தடவை படத்தைப் பார்க்க வேண்டுமில்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
ஷோபனா


பெங்களூரு
30 ஜூன் 2023

அன்புள்ள அக்கா,

நலம். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன். பரோட்டாவை நிறுத்திவிட்டேன்.

காவலாளி படத்தை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார். ஆனால் எட்டாவது படம் என்ன? நீ எதையாவது கடைசியில் தனியாகச் சொன்னால் எனக்குப் பயம் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஜம்புலிங்கம் சார் அதில் இருக்கிறாரா? இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். இருந்தால் போட்டோ அனுப்பு.

மாமாவுக்கு வணக்கம் சொல்லவும்.

விக்ரம்


ஆவடி
8 ஜூலை 2023

அன்புள்ள விக்கி,

நலம். உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஆனால் இருக்கிறார்.

மாமா செல்போனில் எடுத்து, ஸ்டேஷன் ரோட்டில் பிரிண்ட் போட்டு வந்தார். இதோடு வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் எந்தக் கட்டடம் எழும்பினாலும் மாடியில் ஒரு திருஷ்டி பொம்மை முகம் தொங்குமே, பிதுங்கின கண், முறுக்கு மீசை, வெளியே தள்ளின நாக்கு. உன் சாரை அந்தத் தினுசில் போட்டிருக்கிறேன். நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடியும் சிவப்பு மப்ளரும் மட்டும் அவருடையவை. முன்னால் ஒரே மைக்குகள். அவர் தன் முதுகை ஓவியத்துக்குக் காட்டி, கேமராவைப் பார்த்து வாய் திறக்கிறார். போன வருஷம் என் படத்தின் முன்னால் அப்படித்தான் நின்றார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் பத்து நிமிஷம் அதைப் பற்றிப் பேசினார்.

எப்படிப் பேச முடிந்தது என்பதும் படத்தில் இருக்கிறது. பின்னால் ஒரு பையன் நிற்கிறான். தோளில் அவருடைய பை. அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் போட்டிருக்கும் நீலக்கட்டம் போட்ட சட்டையை உனக்குத் தெரியும், தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

முழுப் படத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு எழுது.

அக்கா


பெங்களூரு
13 ஜூலை 2023

அக்கா,

நலம். உன் கடிதமும் போட்டோவும் வந்தன.

தயவுசெய்து இதை வைக்காதே. சாரை நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்க வைத்திருக்கிறாய். அந்த மப்ளரைப் பார்த்தால் பச்சைக் குழந்தைகூட அவர்தான் என்று சொல்லும். போன மாதம் ஒரு கார்ட்டூனிஸ்ட் அவருடைய தொப்பையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டார். இப்போது எங்கள் இதழில் அந்த ஆளின் பெயரே வரக்கூடாது என்று உத்தரவு. என்னை என்ன செய்வார்? செப்டம்பர் ஆர்டர் அவர் கையெழுத்தில்தான் வர வேண்டும். கவிப்பிரியாவின் அப்பா நான் போனால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

அவர் முகத்தை மாற்றிவிடு. மப்ளரைப் பச்சையாக்கு, கண்ணாடியை எடுத்துவிடு. அல்லது படத்தையே எடுத்துவிடு. உன்னிடம் ஏழு நல்ல படங்கள் இருக்கின்றன. எட்டாவது இல்லாவிட்டால் உனக்கு ஒன்றும் குறையாது. எனக்கு எல்லாமே போகும்.

பதில் உடனே போடு.

விக்ரம்


ஆவடி
5 ஆகஸ்ட் 2023

விக்கி,

நலம். உடனே பதில் போடவில்லை. போட்டிருந்தால் நீ கிழித்துப்போடும்படி ஏதாவது எழுதியிருப்பேன்.

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முகம், நாக்கு, மப்ளர், கண்ணாடி. படத்தில் இருப்பது இரண்டு பேர். நீ ஒருவரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். இன்னொருவனைப் பற்றித் திட்டியாவது ஒரு வரி வரும் என்று பார்த்தேன். "ஏன்க்கா என்னைப் போட்டே?" என்று கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

படத்தை எடுத்துவிட்டேன். கேலரியில் ஏழுதான் என்று சொல்லியாகிவிட்டது. அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன். இப்படி எந்தப் படத்தையும் நான் வைத்ததில்லை. அழுகையாக வந்தது, அழுதேன். மாமா காபி போட்டுக் கொடுத்தார்.

உனக்காகத்தான் செய்தேன், உன் சாருக்காக இல்லை.

ஷோபனா


பெங்களூரு
11 ஆகஸ்ட் 2023

என் அன்பு அக்காவுக்கு,

நலம், நலம். வயிறுகூடச் சரியாகிவிட்டது. இருமலுக்கு மிளகு கஷாயம் குடிக்கிறாயா? மாமாவின் கழுத்துப் பட்டையைக் கழற்றியாகிவிட்டதா?

இந்த உதவியை மறக்கவே மாட்டேன். நீ எடுத்துவிட்டாய் என்று படித்ததும் நேராக கவிப்பிரியாவைப் போய்ப் பார்த்தேன். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டாள், சொல்லவில்லை. சாரிடம் உன் ஏழு படங்களைப் பற்றியும் பக்குவமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இருபத்தாறாம் தேதி திறப்பு விழாவுக்கு வர ஒத்துக்கொண்டுவிட்டார். எப்படி வருகிறோம் என்று முடிவானதும் எழுதுகிறேன்.

மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

விக்ரம்


ஆவடி
21 ஆகஸ்ட் 2023

விக்கி,

நாங்கள் நலம். நீ நலம் என்று போன கடிதமே சொல்லிவிட்டது.

மற்றது என்று எதைச் சொல்கிறாய் என்று தெரியவில்லை. இருக்கட்டும். இங்கே நடந்த கூத்தைக் கேள்.

நேற்று துணி போடப் போனால் பின்கட்டில் படம் இல்லை. மாமாவைக் கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அவரோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டுகிறார். அந்த வீட்டு மேஸ்திரி கோதண்டம் ஏதோ கேட்டுப்போக வந்தாராம், நான் பாடம் நடத்த ஸ்கூலுக்குப் போயிருந்தேன். பாத்ரூமுக்குப் போகிற வழியில் படத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். "இன்னா சார் இது, சோக்கா கீது! இத்த வச்சா எவன் கண்ணும் படாது" என்றாராம். சாரம் கட்டும்போது ஒரு ஆள் விழுந்து காலை உடைத்துக்கொண்டதிலிருந்து நல்ல திருஷ்டிப் படமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். நான் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டதாக நினைத்து, உன் மாமா தூக்கிக் கொடுத்து, டிவிஎஸ் வண்டியில் கட்டியும் விட்டிருக்கிறார்.

இப்போது அது காட்டுப்பாக்கம் மெயின் ரோட்டில், இரண்டாவது மாடி நெற்றியில், ஒரு பக்கம் பூசணிக்காய், ஒரு பக்கம் எலுமிச்சை மிளகாயோடு ரோட்டைப் பார்த்துத் தொங்குகிறது. போய்க் கேட்டேன். கோதண்டம் கையெடுத்துக் கும்பிட்டார். "யக்கா, இது வந்த பொறவு ஒரு ஆணிகூட யார் கால்லயும் குத்தலை. இப்ப கழட்டுனா பசங்க சாரத்துல ஏற மாட்டானுங்க. கிரகப்பிரவேசம் முடியட்டும், நானே கொண்டாந்து தர்றேன்."

கேலரியில் வைக்கக்கூடாது என்றாய். வைக்கவில்லை.

அக்கா


பெங்களூரு
22 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்கா,

நலம். அவசரமாக எழுதுகிறேன். சனிக்கிழமை காலை சாரின் காரிலேயே வருகிறோம். பூந்தமல்லி வந்து, காட்டுப்பாக்கம் வழியாகப் போரூரில் அவர் நண்பர் வீட்டில் சாப்பாடு. மாலை நேராக கேலரி. விழாவில் நான் சாரோடுதான் நிற்க வேண்டியிருக்கும், தப்பாக நினைக்காதே.

மாமாவையும் கூட்டிக்கொண்டு வா.

விக்ரம்


ஆவடி
30 ஆகஸ்ட் 2023

விக்கி,

நீ எப்படி இருக்கிறாய்? வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் கடிதம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் கைக்கு வந்தது. காட்டுப்பாக்கம் என்று படித்ததும், என் கடிதம் கிடைக்குமுன்பே நீ இதை எழுதியிருக்கிறாய் என்று புரிந்து, உனக்குப் போன் அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. மாமா அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். மெட்ரோ வேலையில் ரோடு ஒரு வண்டி போகிற அகலம்தான் இருந்தது. உன் வேலை என் கையால் போகப்போகிறது என்றே நினைத்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோதண்டம் சந்தோஷமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ எனக்குச் சொல்லப்போவதில்லை என்று தெரியும்.

"டிராபிக்குல ஒரு பெரிய காரு நின்னுச்சுக்கா. மேல பாத்துகினே ஒரு பெரியவரு எறங்குனாரு. படத்துல கீற அதே கண்ணாடி, அதே மப்ளரு! அட்சிடுவாருன்னு நெனச்சேன். அவரு இன்னா பண்ணாரு தெரியுமா? 'என்னைக் காவல் தெய்வமா மாட்டியிருக்காங்க பாருய்யா'ன்னு கண்ணு கலங்கிட்டாரு. யார் வரைஞ்சதுன்னு கேட்டாரு, ஒம் பேரைச் சொன்னேன். கூட வந்த தம்பிய போட்டோ எடுக்கச் சொன்னாரு. அப்பால, 'பின்னால நிக்கிறானே, அந்தப் பையன் யாரு?'ன்னாரு. எனக்கு இன்னா தெரியும்? யார்னா பை தூக்குற அல்லக்கையா இருக்கும் சார்னேன். அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அந்தத் தம்பியும் சிரிச்சுது."

நீயும் சிரித்தாய் என்றார். நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னை அவமானப்படுத்தத்தான் அதை வரைந்தேன் என்று நீ நினைத்திருந்தால், இல்லை என்று அந்த இடத்திலேயே உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீ அதற்குள் போரூரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய்.

மாலை விழாவில் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரே சிரிப்பு. ஒருத்தரும் தன்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, எல்லாரும் அடுத்தவரைக் காட்டிக் கொடுத்தார்கள். சமோசா படத்துக்கு முன்னால் நின்று ஒருவர் சமோசா தின்றார். உன் சார் என்னிடம், "காட்டுப்பாக்கத்துல இருக்கிறதுதான்மா உன் உச்சம்" என்றார். பிறகு முதுகை என் படங்களுக்குக் காட்டிக்கொண்டு மைக் பக்கம் திரும்பினார். நீ அவர் காதுக்குக் குனிந்தாய். நான் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். என்னிடம் "நல்லா இருக்கியாக்கா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாய்.

திட்டியாவது எழுது.

அக்கா


ஆவடி
16 செப்டம்பர் 2023

விக்கி,

நாங்கள் நலம். பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. கோபமாக இருந்தால் இரு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஒரு கார்டு போடு. மாமா தினமும் வந்ததும் தபால் வந்ததா என்று கேட்கிறார். ஆர்டர் வந்ததா?

ஷோபனா


பெங்களூரு
27 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமாவிடம் சொல்லிவிடு. எழுத உட்கார்ந்தால் கோதண்டம் மேஸ்திரியின் குரல் கேட்கும், பேனாவை மூடிவிடுவேன். சிரித்தேன் என்பது உண்மைதான். சார் சிரித்தால் நான் சிரித்துப் பழகிவிட்டேன். அந்தக் கேள்வியை அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

ஆர்டர் வந்துவிட்டது. அது வந்த அன்றே அக்டோபர் இதழின் அட்டைக்கு அந்தப் படத்தை வைக்கச் சொன்னார். விமர்சகனைத் தெருவே தெய்வமாக ஏற்றுக்கொண்டது என்று உள்ளே கட்டுரை. நான் எழுதி, அவர் பெயரில், எப்போதும் போல. கிளம்பும்போது திரும்பி, "அந்தப் பையனை வெட்டிடு விக்ரம். முகத்துக்குப் போட்டியா நிக்கிறான்" என்று சொல்லிவிட்டு டெல்லிக்குப் போய்விட்டார்.

நீ அனுப்பிய பிரிண்ட்டை நான் சரியாகப் பார்க்கவே இல்லை அக்கா. சாரின் முகத்தைப் பார்த்ததுமே மடித்துப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். பின்னால் நிற்பவன் யார் என்று நீ எழுதித்தான் தெரியும், கண்ணால் பார்க்கத் தைரியம் வரவில்லை. இப்போது வெட்டுவதற்காக, காட்டுப்பாக்கத்தில் நான் எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. மைக் பிடித்தவர்கள் சாரைப் பார்க்கிறார்கள். சார் கேமராவைப் பார்க்கிறார். அந்தப் பையன் மட்டும் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கூட்டத்திலேயே அவன் ஒருத்தன்தான் பார்க்கிறான். பிடித்துப்போய்ப் பார்க்கிறான். உனக்கு என்மேல் கோபம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன்.

வெட்டவில்லை. முழுப் படத்தையும் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இன்று இதழ் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருக்கிறது. யார் பார்த்தாலும், சாருக்குப் பதிலாகப் படத்தைப் பார்க்கிற கண் யாருடையது என்று தெரிந்துவிடும். பக்கத்து மேசைக்காரர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து டீக்குப் போய்விட்டார்.

கவிப்பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். என்ன ஆகும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

சார் நாளை காலை வருகிறார். இன்றைக்கே ராஜினாமா கொடுத்துவிட்டு ரயிலேறு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் போகவில்லை. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் மறுபடியும் இது யார் என்று கேட்பார். போன தடவை மேஸ்திரி பதில் சொன்னார், நான் சிரித்தேன். நாளைக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் அன்பு.

உன் தம்பி,
விக்ரம்